புளிக்குழம்பு காட்டிக்கொடுத்தது

ரெஜினா,

நீ காலைப் பூசைக்குப் போயிருக்கும்போதே எழுதிவைத்துவிட்டுக் கிளம்புகிறேன். ஒரு வாரமாக எனக்குச் சந்தேகம். அடுப்படியில் தொழிற்சங்கப் பாட்டை முணுமுணுக்கிறாய். நான் வந்தால் சட்டென்று மாதா பாட்டுக்கு மாறுகிறாய். நேற்று சட்டி நிறையப் புளிக்குழம்பு. நாள் கணக்கில் கெடாத குழம்பை நீ வைத்தால், வீட்டில் இருக்கப்போவதில்லை என்று அர்த்தம். மகளின் பிரசவத்துக்கு நீ போனபோதும் இதேதான். கேட்டால், "ஒங்களுக்குப் பிடிக்குமேன்னு வச்சேன்" என்று சிரித்தாய். நீ சிரித்துப் பேசினாலே எனக்குப் பயம்.

சங்கத்து இந்துவைக் கடையில் மடக்கினேன். "எஸ்டேட் லயத்து வீட்டுக் கூரைக்காக உண்ணாவிரதம் இருக்கப் பெரியம்மாதான் மொதப் பேரு குடுத்தாங்க. ஒங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னாங்க, பெரியப்பா" என்று உளறிவிட்டாள்.

சர்க்கரைக்காரி பட்டினி கிடப்பாளா? உன் பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதச் சொல்லிவிட்டேன். பதினோரு மணி டீ தவறினாலே உலகம் இருண்டுபோகிற ஆள்தான் நான். ஆனால் வெறும் வயிற்றோடு நான் கஞ்சிரா அடிக்கலாம், நீ பாட முடியாது. நீ பாடாவிட்டால் அந்தப் பந்தலில் யார் உட்காருவார்கள்?

மாத்திரை போட்டு, சாப்பிட்டுவிட்டு எஸ்டேட் ஆபீஸ் முன்னால் வா. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

சவரி

பி.கு.: திட்டத்தான் போகிறாய். மைக்கை அணைத்துவிட்டுத் திட்டு. போன போராட்டத்தில் நீ என்னைத் திட்டியதற்குத்தான் கைதட்டல் அதிகம்.