பலகைகளை எடுத்துவிடு

மைசூர்,
18-5-1955

அன்பு மகன் இஸ்ரவேலுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. உன் தங்கை ஜேன் நர்ஸ் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம், அது ஒன்றுதான் நல்ல சேதி. மற்றபடி உன் கடிதம் வந்த செவ்வாய்க்கிழமையிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

கடல் தண்ணீர் ஆற்றில் ஏறாதபடி நீ பொறுப்பாக இருக்கும் அணையில் பலகை போட்டு அடைத்திருப்பதையும், தேங்கிய நல்ல தண்ணீரில் வயல்கள் விளைவதையும் பெருமையாக எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆனால் வெள்ளம் தடையில்லாமல் கடலுக்குப் போக மழைக்கு முன் பலகைகளை எடுக்க உத்தரவு இருந்தும், கௌரம்மா என்கிற அம்மாள் நெல் முற்றவில்லை என்று அழுததற்காகப் பத்து நாள் தள்ளி வைத்திருக்கிறாயே, உனக்கு ஏன் இந்தத் துணிச்சல்? வெள்ளம் வந்தால் கூலியாள் ஜடையனை இறக்கி எடுத்துவிடலாம் என்று வேறு எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததும் அப்பா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். "மொதல்ல பலகைய எடுக்கச் சொல்லு" என்கிறார், வேறு பேச்சே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறதடா. அங்கே வெயில் காய்ந்தாலும் மலையில் பெய்தால் போதுமே, தண்ணீர் சொல்லிக்கொண்டா வரும்?

இத்தனை வருஷம் மறைத்ததைச் சொல்கிறேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா நஞ்சன்கூடு பக்கம் ஒரு சின்ன அணையில் மேஸ்திரி. அவரும் இப்படித்தான் இரக்கப்பட்டுப் பலகைகளை விட்டு வைத்தார். வெள்ளம் வந்து அழுத்தியதில் அவை இறுகிப்போயின. அய்யாசாமி என்கிற ஆள் இறங்க மாட்டேன் என்றாராம், அப்பாதான் அதட்டி இறக்கினார். பலகை பிடுங்கிக்கொண்டு போனபோது அய்யாசாமியையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. உன்னைத் தூக்கி வளர்த்த அஞ்சலை அத்தை அவருடைய பெண்சாதிதான். கால் வழுக்கி விழுந்தார் என்றே அவள் இன்றுவரை நினைத்திருக்கிறாள். வாரம் தவறாமல் அப்பாவுக்குக் கீரை கொண்டுவருகிறாள், அவர் ஒரு நாளும் அவள் முகம் பார்த்து வாங்கியதில்லை.

கௌரம்மா முற்றியவரை அறுத்துக்கொள்ளட்டும், மிச்சத்தில் உப்பு ஏறினால் ஏறட்டும். திட்டினால் வாங்கிக்கொள். யாரையும் வெள்ளத்தில் இறக்காதே, நீயும் இறங்காதே.

ஆண்டவர் உன்னையும் ஜடையனையும் கண்மணிபோல் காக்கட்டும். பலகை எடுத்தாயிற்று என்று மறக்காமல் தந்தி அடி.

இப்படிக்கு,
உன் அம்மா
மெட்டில்டா

பி.கு: இதை அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். கோபிப்பார் என்று பயந்தேன். கோபிக்கவில்லை. நானே தபாலில் சேர்க்கிறேன், போகிற வழியில் அஞ்சலை வீட்டுக்கும் போய்விட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறார்.