ஐம்பது சிசிக்கு எதிராக விழுந்த ஓட்டு

வெண்டோவர், யூட்டா
9 மே 1998

அன்புள்ள நார்லீனுக்கு,

டெல்பர்ட் எழுதுவது. உன் முழங்கால் இப்போது தேவலையா? இங்கே நாம் வேகச் சாதனைக்கு பைக் ஓட்டும் உப்புவெளியில் இன்னும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. ஜூலைக்குள் வற்றிவிடும் என்கிறார்கள்.

நீ அனுப்பிய செர்ரி ஜாம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கூடவே வைத்திருந்த சீட்டில், "கிளப் கமிட்டியில எனக்காகச் சண்டை போட்டியே, அது போதும்" என்று எழுதியிருந்தாய். அந்தப் பாட்டிலை நான் இன்னும் திறக்கவில்லை. திறக்க எனக்கு யோக்கியதை இல்லை.

நான் உனக்காகச் சண்டை போடவில்லை, நார்லீன். பழைய வண்டிப் பிரிவில் நூறு சிசிக்குக் கீழே எதுவும் ஓடக்கூடாது என்ற விதிக்கு இரண்டு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். ஐந்தாவது ஓட்டு என்னுடையது. உன் ஐம்பது சிசி வண்டிக்கு எதிராக, நான் சரி என்று கையைத் தூக்கினேன். பிறகு உனக்குப் போன் செய்து, "என்னால முடிஞ்சதப் பாத்தேன், தோத்துட்டோம்" என்றேன்.

சின்ன வண்டிகள் தடத்தை அடைத்துக்கொண்டு மெதுவாகப் போகின்றன, பின்னால் நாற்பது வண்டி காத்துக் கிடக்கிறது, உப்பும் வருடத்துக்கு வருடம் மெலிகிறது என்றெல்லாம் கூட்டத்தில் பேசினேன். அவ்வளவும் உண்மைதான். உண்மையைப் பேசியே இப்படி ஒரு காரியத்தைச் செய்ய முடிகிறது என்பதுதான் எனக்குக் கேவலமாக இருக்கிறது.

காரணம் உனக்கே தெரிந்திருக்கும். போன ஆகஸ்டில் உன் முதல் ஓட்டம் மணிக்கு அறுபத்து நாலு மைல். அதே ஐம்பது சிசியில் பத்தொன்பது வருடமாக என் பெயரில் இருக்கும் சாதனை அறுபத்தொன்று. மறுநாள் இரண்டாவது ஓட்டமும் ஓடியிருந்தால், இரண்டின் சராசரியில் அது உன்னுடையதாகியிருக்கும். அன்று விடியும்போது மழை வந்தது. நீ கூடாரத்துக்குள் உட்கார்ந்து அழுதாய். நான் உன் தோளைத் தட்டி, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம், விடு" என்றேன். என் மனசுக்குள் நிம்மதியாக இருந்தது. ஐம்பது சிசியையே எடுத்துவிட்டால் சாதனை அப்படியே புத்தகத்தில் நின்றுவிடும். யாரும் தொட முடியாது.

நாலு வருடம் நீ அந்த எஞ்சினைக் கட்டினாய். அதன் பிஸ்டனைக் கடைந்து கொடுத்தவனே நான்தான்.

போன செவ்வாய்க்கிழமை கமிட்டியில் எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் வான்ஸ், "ஏம்ப்பா, கை தூக்கறப்போ இது உறைக்கலயா?" என்றார். ஹாரிஸ், "அறுபத்தோரு மைலுக்கா இவ்ளோ? எங்க வீட்டு நாயே அதுக்கு மேல ஓடும்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அதிகம் வலித்தது. கமிட்டியிலிருந்து விலகிவிட்டேன்.

விதியைத் திரும்பப் பெற அவர்கள் சம்மதிக்கவில்லை. ஆனால் கிளப்பின் சட்டத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். எந்த மாற்றமும் ஜனவரி முடிவதற்குள் உறுப்பினர்களுக்குத் தபாலில் போயிருக்க வேண்டும். இது மார்ச்சில்தான் போனது. அதனால் அடுத்த வருடம்தான் செல்லும் என்று வான்ஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த ஆகஸ்ட் உனக்கு இருக்கிறது. இது ஒன்றுதான் இருக்கிறது.

இதைப் படித்த பிறகு நீ என்னோடு பேச வேண்டாம். பதில்கூட எழுத வேண்டாம். நான் உப்புவெளிப் பக்கம் வரக்கூடாது என்று நீ நினைத்தால், வான்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, வரமாட்டேன். வீம்புக்காக வண்டியைக் கொட்டகையில் போட்டுவிட்டு இருந்துவிடாதே. பதிவுக்குக் கடைசி நாள் ஜூன் இருபது.

மழை இல்லாத இரண்டு காலைகள் உனக்குக் கிடைக்கட்டும். வந்து ஓட்டு, நார்லீன்.

இப்படிக்கு,
டெல்பர்ட் க்ரோல்