உங்கள் அக்காவுக்கு அந்த டம்ளர்

ஏங்க, சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. உங்கள் அக்கா பத்து மணிக்கு வருவார்.

எங்கள் ஆய்வகத்தில் சோதிக்கச் சளி கேட்டதற்கு நேற்று எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு, “உன்ன மாதிரி காறித் துப்புறதுலயே பொழப்பு நடத்துறவ இல்லம்மா நான்” என்று பெருமை வேறு. எச்சிலை மெஷினில் போட்டால் ஒன்றும் தெரியாது. காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டவர். மருந்துக்கு அடங்காத கிருமியா என்று இன்றே தெரிய வேண்டும்.

மொட்டைமாடியில் நிறுத்தி, அடிநெஞ்சிலிருந்து இருமி, சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் டப்பாவில் துப்பச் சொல்லுங்கள். எதிர்வீட்டுக்காரிக்கும் கேட்கட்டும், சளி சோதிக்கிற என்னை ‘நோய்க்காரி’ என்று அவளிடம்தானே சொன்னார்! நீங்கள் தள்ளியே நில்லுங்கள். டப்பாவை இறுக மூடி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தால், இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடுவேன்.

பி.கு.: நம் வீட்டில் எனக்கென்று அவர் ஒதுக்கிவைத்த டம்ளரிலேயே அவருக்கு டீ கொடுங்கள். டம்ளரால் இது பரவாதுதான். இருந்தாலும் அதிலேயே கொடுங்கள்.