கச்சேரி இல்லாத காடு

16 ஜனவரி 1973, செவ்வாய்

வாடைக் காற்று. உப்பளங்களில் இன்னும் மழைத்தண்ணீர், வேலை தொடங்கவில்லை. காலையில் வெந்நீரும் மிளகும். கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி சாதகம். குரல் சுமார்.

முடிவு செய்துவிட்டேன். எழுதி வைத்தால்தான் பின்வாங்க மாட்டேன், அதனால் எழுதுகிறேன். வருகிற பங்குனிக் கச்சேரியில் ஒரு பாட்டுப் பாட வேண்டும். ஒன்றே ஒன்று. மோகனத்தில் அந்த மாதா கீர்த்தனை.

குளத்தூருக்கு அப்பால் ரெட்டியாரின் கரிசல் காட்டில், வெள்ளாமை வீடு வந்த பிறகு மூன்று இரவு நடக்கிற கச்சேரி அது. ஆறு வருஷமாகப் போகிறேன். சாக்கு விரித்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, விடியக் காலம் பஸ் பிடித்துத் திரும்புகிறேன். யார் வேண்டுமானாலும் பாடலாம், எந்தச் சாமி பாட்டானாலும் சரி. ரெட்டியார் வைத்திருக்கிற கட்டுப்பாடு ஒன்றுதான்: கதிர் அறுக்கிறதுக்கு முன்னால் பாடுகிற ஆளே வந்து அவரிடம் பேர் கொடுக்க வேண்டும். கடுதாசி எடுபடாது. ஆளைப் பார்க்காமல் மேடை தரமாட்டார்.

என் சங்கடம் அங்கேதான். மாதா கோவில் பாடகர் குழுவில் இளவயதிலிருந்து இருக்கிறேன். ஆனால் நாங்கள் நிற்பது பின்புற மேல்மாடம். சனம் பீடத்தைப் பார்த்து நிற்கும், நாங்கள் சனத்தின் பின்னந்தலையைப் பார்த்துப் பாடுவோம். நான் பாடும்போது ஒரு முகம் என்னைப் பார்த்தது கிடையாது. ரிட்டயர் ஆகும்வரை கப்பல் ஏஜண்டு ஆபீசிலும் அப்படித்தான், மூலை மேஜை, முதுகுக்குச் சுவர். பி.ஏ. படித்து என்ன? நாலு பேர் திரும்பிப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

எனவே திட்டம்: கச்சேரி இல்லாத நாளில் அங்கே போவது. மேடை போடுகிற இடத்தில் நிற்பது. ஆளில்லாமல் ஒருதரம் முழுவதும் பாடுவது. பாட முடிந்தால் அப்படியே போய்ப் பேர் கொடுத்துவிடுவது. முடியாவிட்டால் இந்த ஆசையை இத்தோடு விட்டுவிடுவது, இனிமேல் கேட்கவும் போவதில்லை.

வீட்டுக்காரி ஞானத்திடம் சொன்னேன். அரிவாள்மணையை விட்டு நிமிரவில்லை. "கச்சேரி இல்லாத நாள்ல கச்சேரிக்குப் போற ஆள நான் இப்பதான் பாக்கேன். குடைய எடுத்துட்டுப் போங்க."

18 ஜனவரி, வியாழன்

போய் வந்தேன். வெட்கக்கேடு. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

எடுத்துப் போனவை: குடை, கூஜா, பனங்கற்கண்டு, இந்த நோட்டு, இரண்டு பேனா (எதற்கு இரண்டு?). வெள்ளைச் சட்டை. பஸ்ஸில் பனங்கிழங்குக் கட்டுகளுக்கு நடுவே ஓரமாக நின்றேன். குளத்தூர் தாண்டி இறங்கி வண்டிப்பாதையில் நடை. கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு விடவில்லை.

காட்டைக் காணோம்.

ஆறு வருஷமாக எனக்குத் தெரிந்த இடம் மொட்டைத் தரை. நடுவே மேடை, சுற்றிச் சாக்குகள், பெட்ரோமாக்ஸ் விளக்குகள். இன்று அங்கே என் தலைக்கு மேல் சோளம். கதிர் முற்றி ஆடிக்கொண்டிருக்கிறது. கதிர் அறுக்குமுன் பேர் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்தவன், அந்தக் கதிர் எங்கே நிற்கும் என்று ஒருதரமாவது யோசித்தேனா? கடற்கரையில் பிறந்தவன் புத்தி. எனக்கு அது கச்சேரி இடம், அவ்வளவுதான். மீதி மாதமெல்லாம் எனக்காகச் சும்மா கிடக்கும் என்று நினைத்திருக்கிறேன்.

கிணறும் இரட்டைப் பனையும் அடையாளம். அவற்றை வைத்து மேடை எங்கே வரும் என்று கணித்தேன். வரப்பில் முன்னும் பின்னும் நடந்து, அண்ணாந்து பார்த்து, நோட்டில் குறித்து, குடையால் சுட்டிக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து குரல்.

"வாங்க சார், வாங்க! எப்ப வருவீகன்னு பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு."

ரெட்டியார். மேடையில் தூரத்திலிருந்து பார்த்தவரை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கனத்த ஆள், தோளில் துண்டு. என்னைத் தெரிந்திருக்கிறதே என்று ஒரு கணம் பூரித்துப் போனேன்.

"கம்பம் எங்கன வரும் சார்? கிணத்துக்குப் பக்கத்துலயே வந்திரும்லா?"

அப்போதுதான் விளங்கிற்று. கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார். கரண்டு ஆபீசிலிருந்து வந்தவன் என்று என்னை நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. குடை இன்னும் மேடை இடத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அவர் குடை நுனியைப் பார்த்தார். "அங்கனயா? பயிருக்கு நடுவுலயா? சரி சார், நீங்க சொன்னாச் சரி."

தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டியது நான்தான், வேறு யாருமில்லை.

வீட்டுக்குக் கூட்டிப் போய் மோர் கொடுத்தார்கள். குடித்தேன். பாடவுமில்லை, பேர் கொடுக்கவுமில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை.

ஞானம்: "பாடினியளா?"

"இல்ல."

"பேரு?"

"இல்ல."

"பின்ன என்னதான் செஞ்சிய?"

"மோர் குடிச்சேன்."

19 ஜனவரி, வெள்ளி

தூக்கமில்லை. தாடிக்குக் கத்தி போட்டபோது இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன். மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். குடைக்குக் கம்பி மாற்ற வேண்டும்.

பாடிப் பார்த்து முடியாமல் போயிருந்தால் விட்டுவிடலாம், அதுதான் திட்டம். பாடிப் பார்க்கவே இல்லையே. ஆகவே திட்டம் இன்னும் நிற்கிறது. இது சாக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை மறுபடி போகிறேன். முதலில் ரெட்டியாரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொல்ல வேண்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்: "ஐயா, நான் கரண்டு ஆபீஸ் இல்லை. பாட வந்தவன்." ஞானம் அடுப்படியிலிருந்து, "இன்னுங் கொஞ்சம் சத்தமா!"

22 ஜனவரி, திங்கள்

விளக்கு வைத்தாயிற்று. கை வலிக்கிறது, இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

ரெட்டியார் வீட்டில் இல்லை. விளாத்திகுளம் போயிருக்கிறார், மத்தியானத்துக்கு மேல் வருவாராம். காட்டில் காத்திருப்போம் என்று போனேன். சோளத்துக்கு நடுவே பரண், அதன்மேல் குருவி விரட்டுகிற மாடத்தி. நடுவயது, வெண்கலக் குரல். மடியில் கவண், பக்கத்தில் தகர டின். போன தடவையே என்னைப் பார்த்திருக்கிறாள்.

"கரண்டு அய்யாவா? வாங்க. காலையிலேருந்து தொண்டத் தண்ணி வத்திப்போச்சு. செத்த இங்கன ஏறி நில்லுங்களேன், நான் கஞ்சி குடிச்சிட்டு வாரேன்."

"எனக்குக் கவண் எறியத் தெரியாதே."

"சத்தம் போடத் தெரியுமா?"

"பாடத் தெரியும்."

"எதையாச்சும் போடுங்க. குருவிக்கு எல்லாம் ஒண்ணுதான்."

ஏணியில் ஏறினேன். இந்த வயதில். பரண் ஆடிற்று, கால் ஆடிற்று, எது எதை ஆட்டியது என்று சொல்ல முடியாது. மேலே நின்றால் காடு முழுக்கக் கதிர்த் தலைகள், அப்பால் இரட்டைப் பனை. மேடை இடத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் நிற்கிறேன் என்று அப்போதுதான் கண்டேன். ஆளும் இல்லை. இதற்காகத்தானே வந்தது? கண்ணை மூடி, சுருதி பிடித்து, பல்லவியை எடுத்தேன்.

முதல் அடி முடிவதற்குள் கீழே உடைமர நிழலிலிருந்து கூப்பாடு. "அய்யா! கண்ண மூடாதீக! வடக்க வந்து உக்காந்திருச்சு பாருங்க!"

திறந்தேன். வடக்கே ஒரு கூட்டம் கதிரைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் திரும்பிப் பாடினேன். எழும்பிக் கிழக்கே போய் உட்கார்ந்தது. கிழக்கே திரும்பினேன். மேல்மாடத்தில் பாடுகிற குரலுக்குக் குருவி அசையவில்லை. அடிவயிற்றிலிருந்து எடுத்தால்தான் எழும்பிற்று. அனுபல்லவிக்கு வரும்போது கத்துகிறேனா பாடுகிறேனா என்ற விசாரமே போய்விட்டது. சரணத்தில் கிளிகள் வேறு வந்தன.

மாடத்தி கஞ்சி குடித்து முடித்தாள். வரவில்லை. வெற்றிலை போட்டாள். பக்கத்துக் காட்டில் பருத்தி எடுத்த பெண்கள் வரப்பில் வந்து நின்றார்கள். எத்தனை பேர் என்று எண்ணவில்லை. எல்லாரும் என்னை அண்ணாந்து பார்க்கிறார்கள்.

"ஏளா, இங்க பாரு, கரண்டு ஆபீசரு பாடுதாரு!"

"கரண்டு இழுக்கச் சொன்னா ராகம் இழுக்காரு."

சிரிப்பு. நாக்கு ஒட்டப் போகிறது என்று தெரிந்தது. ஆனால் வடக்கே மறுபடி குருவி. நிறுத்தினால் கதிர் போய்விடும், அது நம் பொறுப்பில் விட்ட கதிர். அவர்கள் முகத்தைப் பார்த்தபடியே சரணத்தை முடித்துப் பல்லவிக்குத் திரும்பினேன். முழுப்பாட்டும் பாடியாயிற்று. இரண்டு தரம்.

அப்போது வரப்பில் ரெட்டியார். "யாருய்யா அது பரண் மேல?"

இறங்கினேன். பெண்கள் போகவில்லை. மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். "ஐயா, நான் கரண்டு ஆபீஸ் இல்லை. பாட வந்தவன். பேர் கொடுக்கத்தான் அன்றைக்கும் வந்தேன்."

அவர் முகம் கறுத்துவிட்டது. பயிருக்குள் நடந்தார். பின்னால் போனேன். போன தடவை என் குடை காட்டிய இடத்தில் சோளத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு குழி, இடுப்பளவு ஆழம். கம்பம் நடுவதற்கு.

"ஊரு பூரா சொல்லிட்டேன், கரண்டு வருதுன்னு. அன்னைக்கே சொல்லுறதுக்கு என்னவே? மோரை மட்டும் குடிச்சிட்டுப் போனீரே!"

"பயந்துட்டேன்."

"என்னையப் பாத்தா?"

"யாரைப் பார்த்தாலும்."

"இப்படிப்பட்ட ஆளு சனத்துக்கு முன்னால நின்னு பாடப் போறீராக்கும். பாட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். போயிட்டு வாரும்."

திரும்பி நடந்துவிட்டார். நியாயம் அவர் பக்கம். என் வழக்கப்படி நான் அப்போதே பஸ்ஸுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். குழியின் ஓரத்தில் மண்வெட்டி கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணைக் குழிக்குள் தள்ள ஆரம்பித்தேன். கரிசல் மண், கட்டி கட்டியாக. இரண்டு தள்ளுக்கு ஒருதரம் மூச்சு வாங்கிற்று. மாடத்தி பரணிலிருந்து, "மொதலாளி, பெரியவரு செத்துகித்து வைக்கப் போறாரு, நம்ம தலையில விடியும்" என்று கத்தினாள்.

அவர் திரும்பி வந்து நின்று பார்த்தார். உதவிக்கு வரவில்லை. நானும் நிமிரவில்லை. நிமிர்ந்தால் விட்டுவிடுவேன். பாதிக் குழி ஆகியிருக்கும்.

"பேரு கொடுக்காமப் போக மாட்டீரோ?"

"மாட்டேன்." என் குரல்தான். பாடிப் பாடிக் கரகரத்துப் போயிருந்தது, எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"அந்தப் பொம்பளைக சிரிச்சாளுகளே, கேட்டுதா?"

"கேட்டுது."

"கேட்டும் பாடினீரு."

"குருவி இருந்தது."

மேலே பார்த்தார். கீழே பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மொத நாளு, மொதப் பாட்டு. பொழுது இருட்டுமுன்ன. அப்பம் எவனும் வந்திருக்க மாட்டான், சின்னப் பயலுகதான் ஓடிக்கிட்டுக் கெடப்பானுக. சம்மதமா?"

"சம்மதம்."

"ஊரு?"

"தூத்துக்குடி."

"பேரு?"

சொன்னேன். இன்னொரு தரம் கேட்டார். உரக்கச் சொன்னேன். பரணிலிருந்து மாடத்தியும் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

மீதிக் குழியையும் மூடிவிட்டுத்தான் வந்தேன்.

23 ஜனவரி, செவ்வாய்

எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு, தோள், உள்ளங்கைக் கொப்புளம். தொண்டை அடியோடு கட்டிவிட்டது. ஞானம் வேப்பெண்ணெய் தேய்த்தாள். நடந்ததைச் சைகையில் சொன்னேன். பாதி விளங்கியிருக்கும்.

"இப்படியே இருங்க. வீடு அமைதியா இருக்கு."

ஆனால் நல்ல மீனாக வாங்கி வந்து குழம்பு வைத்திருக்கிறாள், விசேஷம் ஒன்றுமில்லாத செவ்வாய்க்கிழமையில்.

25 ஜனவரி, வியாழன்

தொண்டை பரவாயில்லை. மண்ணெண்ணெய் வாங்கியாயிற்று. குடைக் கம்பி ஆகவில்லை.

கதவைச் சாத்திச் சாதகம் செய்ய உட்கார்ந்தேன். சரிப்படவில்லை. கதவைத் திறந்தேன். தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அதுவும் சரிப்படவில்லை. பங்குனி வரை இப்படியே விட்டால் பழையபடி ஆகிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். சிரிக்கிற ஆட்கள் வேண்டும், தினசரி வேண்டும். கடற்கரையில் மீன்பிடிக்காரர்கள் வலை தைக்கிற இடம்தான் அதற்கு லாயக்கு. நாளைக்கு அவர்கள் கடலுக்குப் போவார்கள். சனிக்கிழமை போகிறேன்.

27 ஜனவரி, சனி

வெயில். காற்று அடங்கியிருக்கிறது. காலைப் பூசை முடிந்ததும் கடற்கரைக்குப் போனேன். கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் வலை விரித்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். அவர்களுக்கு எதிரே போய் நின்றேன்.

"என்ன மாமா, கப்பலுக்கு ஆள் எடுக்க வந்தியளா?"

"பாட வந்தேன்."

ஊசிகள் நின்றன. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தொடங்கினேன். முதல் அடி முடிந்தது.

"மாமாவுக்குத் தொண்டையில வாளை முள்ளு மாட்டிக்கிட்டுடே! ஒரு உருண்டை சோறு குடுங்கலே!"

வள்ளமே அதிர்கிற மாதிரிச் சிரிப்பு. சிரித்து ஓயும் வரை அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு இரண்டாவது அடியை எடுத்தேன்.