பன் கொடுத்த சிப்பாய்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே கின்மென் தீவில் இரண்டு நாளாக மெல்லிய மழை. கடலும் வானமும் ஒன்றாகிக் கிடக்கின்றன.

புத்தாண்டு விருந்தில் தேர்தல் பேச்சு முற்றி, "உனக்கெல்லாம் கொள்கையாடா? அஞ்சு வயசுல ஒரு சிப்பாய் குடுத்த பன்னுக்காக இன்னும் அந்தப் பழைய ஆளுங்கட்சிக்கே ஓட்டுப் போட்டுட்டிருக்க!" என்று கத்திவிட்டுத் தைபேக்கு விமானம் ஏறினாய். உண்மைதான். ராணுவம் ஆண்ட காலத்தை யார் குறை சொன்னாலும் எனக்கு அவன் முகம்தான் தெரியும். முற்றத்து வெயிலில் என்னை மடியில் வைத்து, சூடான பன்னைப் பிய்த்து ஊதி ஊதி ஊட்டினான். அறுபது வருடமாக அந்த வெயிலிலேயே உட்கார்ந்திருக்கிறேன் போல.

நேற்று சிப்பி பொறுக்கும் கரையில் பக்கத்து வீட்டு வெங் மாமாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கூடையைக் கீழே வைத்தார்.

"நீ அழாம இருக்கத்தான்டா பன்னு. அக்கரைச் சீனா ரேடியோவ கேட்டார்னு உள்ள மத்த சிப்பாய்ங்க உங்கப்பாவ அடிச்சிட்டிருந்தாங்க. உங்கக்கா எல்லாத்தையும் பாத்தா. தம்பிகிட்ட சொல்லிடாதீங்கன்னு எங்க எல்லார்கிட்டயும் கெஞ்சினா."

அப்பா நொண்டி நடந்ததற்குப் படகு விபத்து என்றுதானே சொன்னாய்?

அந்தச் சிப்பாயை இப்போதும் வெறுக்க முடியவில்லை, அக்கா. ஊட்டும்போது அவன் விரல்கள் நடுங்கியது இன்றுதான் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை வாக்குப்பதிவு. உன் பெயர் இன்னும் நம் ஊர்ப் பட்டியலில்தான் இருக்கிறது. முந்தின நாளே வந்துவிடு. யாருக்கு வேண்டுமானாலும் போடு. அதற்கு முன், அன்று நீ பார்த்ததை எனக்குச் சொல். நான் குறுக்கே பேச மாட்டேன்.

உன் தம்பி