சிவப்புக்குக் காரணம்

ஜூன் 8, ஞாயிறு

காற்றே இல்லை. எங்கள் அரிப்பு ஊர்க் கடல் இன்று குளம் மாதிரி. காலைப் பூசை. பிறகு சந்தை. பாரை மீன் கிடைக்கவில்லை, கோழிதான்.

பூசை முடிந்து கோயில் வாசலில் என் மனுசன் அன்ரனின் போனைச் சுற்றி நாலு பேர். பார்ப்பது நான் வேலை செய்யும் செயலி. கடலுக்குப் போகலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு. இன்று சிவப்பு.

"தங்கச்சி, கடல் இப்பிடிக் கிடக்குது. பிறகேன் சிவப்பு?" கிளறன்ஸ் அண்ணை. இவரும் அன்ரனும் ஒரே படகு.

எனக்குத் தெரியாது. நிறம் போடுவது கொழும்பிலுள்ள எங்கள் அலுவலகம், கந்தோர். நான் வீட்டிலிருந்து திரையில் வரும் சொற்களைத் தமிழாக்குகிறேன், பாவிக்கிறவர்கள் கேட்பதை எழுதி அனுப்புகிறேன். வாய் திறக்க முன் கி. அண்ணையே, "ஞாயிறெல்லே! அதுக்கும் ஓய்வுநாள் தெரிஞ்சிருக்கு" என்றார். போன ஞாயிறும் சிவப்பாம். எல்லோருக்கும் நல்ல சந்தோசம். நானே அதற்கு ஞானஸ்நானம் கொடுத்த மாதிரி அன்ரன் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

ஜூன் 10, செவ்வாய்

சோளகக் காற்று லேசாக. உடுப்பு சீக்கிரம் காய்ந்தது.

கந்தோருக்கு அனுப்பிய கேள்விகள்:
ஏன் சிவப்பு? (எல்லோரும்)
ஆர் சொன்னது? (கி. அண்ணை)
எப்ப பச்சையாகும்?
எங்களுக்கு மட்டுமோ, புத்தளத்தாருக்குமோ? (அன்ரன், சாப்பிட்டுக்கொண்டே)

கந்தோர்ப் பெரியவரின் பதில்: நிறம் போதும். காரணம் போட்டால் திரை நிரம்பிவிடும், மீனவர்கள் வாசிக்க மாட்டார்கள்.

வாசிக்க மாட்டார்களாம்! கோயிலின் ஒன்பது நாள் நவநாள் செப நோட்டீசை அச்சகத்தின் பெயர் வரைக்கும் வாசிக்கிற ஆட்கள் இங்கே. கோபத்தில் அன்ரனின் தேத்தண்ணிக்கு இரண்டு தரம் சீனி போட்டுவிட்டேன். அவர் அதை அடிவரை குடித்து முடித்தார். என்ன மனுசனோ. பாவமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

ஜூன் 11, புதன்

இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. ஆனாலும் எழுத வேண்டும்.

விடியவே சிவப்பு. "இஞ்சாருங்கோ, இண்டைக்கு ஞாயிறில்லை. போகாதேங்கோ" என்றேன் அன்ரனிடம்.

வாசலில் கி. அண்ணை, மண்ணெண்ணெய்க் கலனோடு. "அந்தோனியார் நவநாள் நடக்குதெல்லே தங்கச்சி, அதுக்குத்தான் சிவப்பு. பின்னேரச் செபத்துக்கு வந்திடுவம்."

அன்ரன் சிரித்தார். "பயப்பிடாதை. வெள்ளென வந்திடுவன்." போய்விட்டார்கள். சொல்ல ஒரு காரணம் கையில் இருந்திருந்தால் மறித்திருப்பேன்.

ரிஃப்னாவுக்குப் போன் எடுத்தேன். தாராபுரம் கரையில் இதே வேலை பார்க்கிறவள். "எங்கட கரையில ஞாயிறு பச்சைதான். வெள்ளிக்கிழமைதான் சிவப்பு. ஜும்ஆ தொழுகை நாளில ஆரு கடலுக்குப் போறது?"

அப்போதுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது. காற்றோடு, படகுகள் போன நாளையும் போகாத நாளையும் பார்த்துத்தான் செயலி படிக்கிறது. தொழுகைக்கும் பூசைக்கும் நின்ற நாட்களையெல்லாம் கடல் கெட்ட நாட்களாக எடுத்திருக்கிறது. ஆனால் புதனில் ஒருவரும் நிற்பதில்லையே. அப்படியென்றால் இது காற்று.

பத்து மணிக்குப் பிறகு காற்று வந்தது. ஓலையெல்லாம் ஒரே பக்கம். அன்ரனின் போன் வேலை செய்யவில்லை. செருப்பும் இல்லாமல் கரைக்கு ஓடினேன். மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. செபம் பாதி பாதியில் மறந்து போயிற்று. அந்தோனியாரைத் திட்டினேன் என்றும் நினைக்கிறேன்.

பின்னேரம் வந்து சேர்ந்தார்கள், இழுக்க முடியாமல் வலையில் பாதியை வெட்டிக் கடலில் விட்டுவிட்டு, இயந்திரமும் பழுதாகி. கி. அண்ணையின் முகத்தில் இரத்தமே இல்லை. அன்ரன் என் காலைப் பார்த்தார். "செருப்பெங்கை?"

ஜூன் 12, வியாழன்

காற்று அப்படியே. கடற்கரையில் எல்லாப் படகும்.

நானும் ரிஃப்னாவும் கந்தோருக்கு நேரே போன் எடுத்தோம். வெள்ளி, ஞாயிறு சொன்னோம். நவநாள் சொன்னோம். நிறத்துக்கு நாங்கள் காரணம் கொடுக்காவிட்டால் ஆட்கள் தாங்களே ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள் என்றேன். பெரியவர் ஏதோ சொல்ல வர, "அந்தப் படகிலை இருந்தது என்ரை மனுசன், சேர்" என்றேன். பிறகு சரி என்றார். ஓய்வுநாட்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள். நிறத்துக்குக் கீழே காரணத்துக்கு ஒரு வரி. அதை எழுதுவது நான்.

முதல் எழுதியது: "பாதகமான வானிலை நிலவுகிறது." கி. அண்ணை: "ரேடியோக்காரன் மாதிரிக் கிடக்கு."

திருப்பி எழுதியது: "பத்து மணிக்குப் பிறகு சோளகம் பலக்கும். கரை வரும்போது அலை எழும்பும்."

இரண்டு தரம் வாசித்தார். "இதை நேற்றுச் சொல்லியிருந்தா நான் போர்த்துக்கொண்டு படுத்திருப்பனே, தங்கச்சி." கண் கலங்கியிருந்தது. பாவம். அன்ரனையும் கூட்டிப் போனதை அவரால் மறக்க முடியவில்லை.

ஜூன் 14, சனி

நேற்று அந்தோனியார் திருநாள். புனிதரின் சுரூபம் ஊரைச் சுற்றிவந்தது, வீடு நிறைய ஆட்கள், எழுத நேரமில்லை.

இன்று காற்று விழுந்துவிட்டது. பச்சை. கீழே என் வரி: "காற்று குறைவு. மத்தியானம் வரை கடல் அமைதி." முதல் தரம் திரையில் பார்க்கிறேன். எழுத்து கொஞ்சம் சிறிது, திங்கள் சொல்ல வேண்டும்.

கி. அண்ணை வந்து கடலுக்குக் கூப்பிட்டார். அன்ரன் போகவில்லை. இயந்திரம் திருத்தியாயிற்று, உடம்புக்கும் ஒன்றுமில்லை. கதிரையை முற்றத்தில் போட்டு மிஞ்சின வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருக்கிறார்.

"பச்சையெல்லே. ஏன் போகேல்லை?"

தலை நிமிரவில்லை. "இரவு முழுக்க நித்திரையிலை நீ என்ரை கையை விடேல்லை. அதுதான்."