மணி அடிக்காத ஞாயிறு

ஜூலை 6, திங்கள்

பள்ளி அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு தாள். மதிப்பெண் பட்டியல் என்று நினைத்து ஓடிவந்தவர்கள் ஏமாந்து கலைந்தார்கள். நான் நின்று படித்தேன். பரவிவரும் புதுக் காய்ச்சலைப் பற்றியது. தடுப்பூசி இன்னும் வரவில்லையாம். இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்கும், ஆஸ்துமா, இதய நோய், நரம்பு அல்லது தசைக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கும் அது தீவிரமாகலாமாம்.

தசைக் கோளாறு. வீட்டில் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை.

"தம்பிக்கு என்னடி நோய்? உடம்புல பலம் இல்ல, அவ்வளவுதான். அவன் காதுல விழுற மாதிரி பேசாதே."

அதற்குள் தம்பி மணி அடித்தான். உரக்கக் கூப்பிட அவனால் முடியாது. அதனால் அப்பா தன் சைக்கிள் கடையிலிருந்து ஒரு மணியைக் கொண்டுவந்து கட்டில் கம்பியில் பொருத்தியிருக்கிறார். ஒரு முறை அடித்தால் தண்ணீர். இரண்டு முறை என்றால் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். விடாமல் அடித்தால் பேச்சுத் துணைக்கு. வீட்டில் அவன் பெயர் மந்திரி.

"மந்திரியாரே, என்ன உத்தரவு?"

"ரொம்பப் படிக்காதே அக்கா. கண்ணாடி போட்டா ஆந்தை மாதிரி இருப்ப."

ஜூலை 9, வியாழன்

எனக்குக் காய்ச்சல். தெருவே இருமுகிறது.

ஜூலை 11, சனி

என் இருமலைக் கேட்டு மாடிவீட்டு அத்தை இறங்கி வந்துவிட்டார். "என்னடி இது, பழைய லாரி கிளம்பாம முக்குற மாதிரி!" சிரித்தேன். இருமல் இன்னும் கூடியது. அம்மா என்னைவிட்டு நகரவே இல்லை.

தம்பிக்கும் உடம்பு சுடுகிறது. இருமல்தான் இல்லை. "இவனுக்கு லேசா வந்துட்டுப் போயிடும்" என்றார் அப்பா.

ஜூலை 12, ஞாயிறு

காலையிலிருந்து மணிச் சத்தம் இல்லை. "நல்லாத் தூங்குறான், எழுப்பாதே" என்றாள் அம்மா. மணி அடிக்காவிட்டால் அவனுக்கு ஒன்றும் வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

மாலையில் தண்ணீர் எடுக்க எழுந்தபோது எட்டிப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளின் நடுவே தோல் உள்ளே போய் வந்தது. உதடு நீலமாக இருந்தது. விரல் மணியின் மேல்தான் இருந்தது.

அழுத்த முடியவில்லை அவனால்.

அம்மா இங்க வா, சீக்கிரம் வாம்மா – கத்தினேன், எனக்கும் குரல் வரல –

ஜூலை 13, திங்கள்

"அவன் இருமவே இல்லீங்க டாக்டர்" என்றார் அப்பா.

"இருமுறதுக்கும் பலம் வேணும்ல? சளியை வெளிய தள்ள முடியாம உள்ளயே தங்கிடுச்சு. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் தொட்டதுமே மருந்து ஆரம்பிக்கணும்."

டாக்டரம்மா திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அப்பா "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

தாளில் இருந்ததே. படித்தேனே. இருமல் வராது என்று அதில் ஏன் போடவில்லை?

ஜூலை 15, புதன்

வாயில் குழாய். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அங்கே அவனுக்கு மணி இல்லை.

ஜூலை 17, வெள்ளி

அப்பா, அம்மா, நான். மூன்று பேர் வீட்டுக்கு வந்தோம்.

ஆகஸ்ட் 3, திங்கள்

பள்ளிக்குப் போனேன். அந்தத் தாள் ஒரு மூலை கிழிந்து இன்னும் அங்கேயே இருக்கிறது. கீழ் வகுப்புப் பெண் ஒருத்தி எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். தங்கைக்கு ஆஸ்துமாவாம்.

"காய்ச்சல் வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. இருமல் இல்லன்னாலும்" என்றேன். ஏதோ மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல் இருந்தது என் குரல்.

மாலையில் அம்மா கட்டில் விரிப்பை உருவினாள். அவள் கை பட்டு மணி ஒலித்தது. ஒரே ஒரு முறை.

குளியலறையில் குழாயை மூடும் சத்தம். "இதோ வரேன்டா" என்றார் அப்பா.

அம்மாவும் நானும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தண்ணீர் விழத் தொடங்கியது.